மூலை இறங்கிய வீட்டுக்கு அடியில் பில்லர் கொடுக்கலாமா?

கேள்வி: கோவில்பட்டி பக்கம் கரிசல் மண்ணில் 9 வருஷத்துக்கு முன் கட்டிய வீடு. கருங்கல் அஸ்திவாரம். ஒரு மூலை இறங்கி, ஜன்னல் முனையிலிருந்து சரிவாக விரிசல் ஓடுகிறது. அடியில் பில்லர் கொடுத்தால் சரியாகும் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

பதில்: செய்யலாம். எத்தனை அடி ஆழம் என்று அவரிடம் கேட்டீர்களா? ஐந்தடி என்றால் வேண்டாம். கரிசல் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். இந்த ஆட்டம் சுமார் 3.5 மீட்டர், அதாவது பதினோரு பன்னிரண்டடி வரைகூட இருக்கும். அதற்குள் நிற்கிற பில்லரும் மண்ணோடு சேர்ந்து ஆடும்.

முதலில் விரிசல் இன்னும் நகர்கிறதா என்று பாருங்கள். மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே சிமென்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. சித்திரையில் அகன்று ஐப்பசியில் மூடிக்கொள்கிற விரிசல் என்றால், தண்ணீர்தான் காரணமாக இருக்கும். அந்த மூலையில் குளியலறைக் குழாய் கசிகிறதா, மொட்டைமாடித் தண்ணீர் விழுகிறதா, பக்கத்தில் பெரிய வேப்பமரம் நிற்கிறதா? குழாயைச் சரிசெய்து, வீட்டைச் சுற்றி நாலடிக்கு வெளிச்சரிவாகக் கான்கிரீட் போட்டதோடு நின்றுபோன விரிசல்களும் உண்டு. செலவும் கொஞ்சம்தான்.

அதற்கும் நிற்கவில்லையா, அப்புறம் பில்லர். கரிசலில் பன்னிரண்டடிக் குழிக்குள் ஆளை இறக்காதீர்கள், சரிந்துவிடும். சுவரின் இருபுறமும் துளை போட்டு, அடியில் குமிழ்போல் அகன்ற பைல், அதாவது துளைக்குள் வார்க்கும் கான்கிரீட் தூண், இறக்குவது நல்லது. ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்கென்றே வளர்த்தெடுத்த முறை அது. குமிழின் அகலம் பெரும்பாலும் தண்டைப்போல் இரண்டரை மடங்கு. இரண்டு பைலையும் அஸ்திவாரத்துக்கு அடியில் குறுக்கு பீம் போட்டு இணைக்க வேண்டும். பீமுக்கான பள்ளங்களை அடுத்தடுத்துத் தோண்டக் கூடாது. ஒன்று விட்டு ஒன்றாகத்தான்.

பலர் கோட்டைவிடுவது கடைசி மூன்று அங்குலத்தில். பீமை அஸ்திவாரத்தோடு ஒட்டி வார்த்தால், கான்கிரீட் இறுகும்போது சுருங்கி இடைவெளி விழும். இடம் விட்டு வார்த்து, ஒரு வாரம் கழித்து ஈரம் குறைந்த கலவையை அதில் இடித்து நிரப்பச் சொல்லுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்கவேண்டும், தண்ணீர் கசியக் கூடாது.

ஜாக்கி வைத்துப் பழைய மட்டத்துக்குத் தூக்கச் சொல்லாதீர்கள், கருங்கல் கட்டு பிளந்துவிடும். இறங்கிய இடத்திலேயே நிறுத்தினால் போதும். ஒரு மூலைக்கு மட்டும் பைல் போட்டால், ஆடுகிற மீதி வீடு அதன் ஓரத்தில் புது விரிசல் விடலாம். எதுவரை போடுவது என்பதை மண் பரிசோதனை பார்த்துப் பொறியாளர் சொல்லட்டும். பூச்சு வேலையை ஒரு கோடையும் ஒரு மழையும் கடந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.