வலிக்கும் இடத்தை விரலால் காட்டுங்கள்: இடுப்பு மூட்டு கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் 'இடுப்பு வலிக்கிறது, என்ன மாத்திரை போடலாம்?' என்ற ஒற்றை வரிதான். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, எந்த அசைவில் கூடுகிறது என்று எழுதியவர்களுக்குத்தான் என்னால் உருப்படியாகப் பதில் சொல்ல முடிந்தது. அவற்றில் சிலவற்றை இங்கே எடுத்திருக்கிறேன்.

வயது 54. வலது இடுப்பின் வெளிப்பக்கம் ஆறு மாதமாக வலி. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் கலைகிறது. படி ஏறினாலும் வலி. எக்ஸ்ரேயில் 'லேசான தேய்மானம்' என்று எழுதியிருக்கிறார்கள். மூட்டு மாற்று செய்ய வேண்டி வருமா டாக்டர்?

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், வலி மூட்டிலிருந்து வருவதாகவே தெரியவில்லை.

இடுப்பு மூட்டு நாம் நினைப்பதைவிட உள்ளே, ஆழத்தில் இருக்கிறது. தொடை எலும்பின் பந்து போன்ற தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்தில் பொருந்தும் இடம் அது. அங்கே கோளாறு என்றால் வலி பெரும்பாலும் தொடையிடுக்கிலும் தொடையின் முன்பக்கத்திலும்தான் தெரியும். பக்கவாட்டில் கையை வைத்தால் தட்டுப்படும் எலும்பு முனை வேறு. பிட்டத் தசைகளின் தசைநாண்கள் வந்து ஒட்டும் இடம் அது. அந்தத் தசைநாண்கள் நலிவதால் வரும் வலி 40 வயதைத் தாண்டிய பெண்களிடம் மிகவும் சகஜம். முன்பு இதற்கு 'பர்சா வீக்கம்' (எலும்புக்கும் தசைநாணுக்கும் நடுவே உராய்வைக் குறைக்கும் சிறு திரவப் பையின் வீக்கம்) என்றே பெயர் வைத்தார்கள். இப்போது தசைநாண்தான் முதல் காரணம் என்று கருதுகிறோம்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். சுவரில் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டு வலிக்கிற காலில் 30 விநாடி நில்லுங்கள். அதே வெளிப்பக்க வலி கிளம்பினால், ஆனால் அந்தக் காலுக்கு சாக்ஸ் மாட்டுவதில் சிரமமே இல்லையென்றால், தசைநாண் பக்கம்தான் சந்தேகம் சாய்கிறது. 'லேசான தேய்மானம்' என்ற வரி உங்கள் வயதில் வலியே இல்லாத பலருடைய எக்ஸ்ரேயிலும் இருக்கும். அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிகிச்சையில் பாதி, அந்தத் தசைநாணை அழுத்துவதை நிறுத்துவதுதான். கால் மேல் கால் போட்டு உட்காராதீர்கள். ஒரு காலில் எடையைப் போட்டு இடுப்பை ஒடித்து நிற்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். வலிக்காத பக்கம் படுத்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே கெட்டியான தலையணை வையுங்கள். காலை மறுபக்கம் இழுத்துச் செய்யும் 'ஸ்ட்ரெட்சிங்' செய்தால் அப்போதைக்கு இதமாக இருக்கும், பிறகு வலி கூடும். மீதிப் பாதி, பிட்டத் தசைகளைப் படிப்படியாக வலுவாக்கும் பயிற்சி. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிப் பிட்டத்தைத் தூக்குவதில் ஆரம்பித்து, படியில் ஏறி இறங்குவது வரை பிசியோதெரபிஸ்ட் கொண்டுபோவார். 8 முதல் 12 வாரம் பொறுக்க வேண்டும். ஸ்டீராய்டு ஊசியையும் இந்த அறிவுரை-பயிற்சி முறையையும் ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஆய்வில், எட்டாவது வாரத்திலேயே பயிற்சிதான் முந்தியது.

வயது 61. ஒரு வருடமாக வலது முழங்கால் வலி. முழங்கால் எக்ஸ்ரே, ஸ்கேன் இரண்டும் நார்மல். தைலம், மாத்திரை எதுவும் கேட்கவில்லை. சமீபமாக ஷூ லேஸ் கட்டக் குனிவதும் கால் நகம் வெட்டுவதும் கஷ்டமாக இருக்கிறது.

கடைசி வரியை எழுதினீர்களே, அதற்கு நன்றி. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் போகிற நரம்புகளில் சில பொதுவானவை. அதனால் இடுப்பு மூட்டுத் தேய்மானம் முழங்கால் வலியாக மட்டுமே காட்டிக்கொள்வது உண்டு. முழங்காலை மட்டும் படம் எடுத்துக்கொண்டிருந்தால் வருடம் ஓடிவிடும்.

மருத்துவர் உங்களை மல்லாந்து படுக்க வைத்து, இடுப்பையும் முழங்காலையும் செங்கோணத்தில் மடக்கி, பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் தள்ளிப் பார்ப்பார். பாதம் வெளியே போகும்போது தொடை எலும்பு மூட்டுக்குள் உள்நோக்கித் திரும்புகிறது. தேய்மானத்தில் முதலில் குறைவது பெரும்பாலும் இந்தத் திருப்பம்தான். நல்ல காலில் தாராளமாகப் போகும் பாதம், கெட்ட பக்கத்தில் கொஞ்சம் போனதுமே நின்றுவிடும். நோயாளியின் முகமும் சுளிக்கும். இடுப்புக்கு, நின்ற நிலையில் ஒரு எக்ஸ்ரே கேளுங்கள். காலையில் எழுந்ததும் இறுக்கம் அரை மணிக்குள் விட்டுவிடுகிறதா, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறதா என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள். நீண்ட நேரம் நீடித்தால் வாத அழற்சி வகை நோய்களுக்கும் ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

பிட்டத்தில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே பாதம் வரை சுரீரென்று இழுக்கிறது. பெருவிரல் மரத்துப் போகிறது. இடுப்பு மூட்டா?

முதுகுத்தண்டு நரம்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இடுப்பு மூட்டு வலி முழங்காலைத் தாண்டுவது அரிது, மரத்துப் போகச் செய்வதும் இல்லை. சிறுநீர் அல்லது மலம் போவதில் கட்டுப்பாடு குறைந்தாலோ, இரண்டு தொடைக்கும் நடுவே உணர்ச்சி மங்கினாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வயது 34. இரண்டு மாதமாகத் தொடையிடுக்கில் வலி, லேசாக நொண்டுகிறேன். போன வருடம் வேறொரு நோய்க்காகச் சில மாதம் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தேன். எக்ஸ்ரே பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை, தசைப்பிடிப்பு' என்கிறார்கள்.

எம்.ஆர்.ஐ. எடுக்காமல் 'ஒன்றுமில்லை' என்பதை ஏற்க வேண்டாம். உங்கள் வயது, தொடையிடுக்கு வலி, ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் சேர்ந்தால் நான் முதலில் நினைப்பது ஏ.வி.என். எனப்படும் அவாஸ்குலர் நெக்ரோசிஸ். தொடை எலும்பின் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைபட்டு, அந்தப் பகுதி எலும்பு உயிரிழக்கிறது. அளவுக்கு மீறிய மது, அரிவாள் செல் ரத்தசோகை, முன்பு நடந்த இடுப்பு எலும்பு முறிவு அல்லது மூட்டு விலகல் ஆகியவையும் காரணமாகலாம். சிலருக்குக் காரணமே கிடைக்காது.

இதில் நேரம்தான் முக்கியம். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், எம்.ஆர்.ஐ.யில் மட்டும் தெரியும். பந்தின் வட்டம் அமுங்குவதற்கு முன் கண்டுபிடித்தால், எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சையால் சொந்த மூட்டையே காப்பாற்ற முயலலாம். அமுங்கிவிட்டால் பெரும்பாலும் மூட்டு மாற்றுதான் மிஞ்சும். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது இரண்டு இடுப்பையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். மறுபக்கம் வலியே இல்லாமல் நோய் இருப்பது அடிக்கடி நடக்கும். ஸ்டீராய்டு இன்னும் எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்துவது தனி ஆபத்து.

கைத்தடி எந்தக் கையில் பிடிக்க வேண்டும்? வலிக்கிற பக்கம்தானே?

எதிர்ப்பக்கம். வலது இடுப்பு வலித்தால் இடது கை. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் சற்று நேரம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். அப்போது உடல் மறுபக்கம் சாயாமல் பிடித்து வைக்க இடுப்பின் வெளிப்பக்கத் தசைகள் இறுகுகின்றன. அந்த இறுக்கமும் உடல் எடையும் சேர்ந்து, மூட்டின் மேல் எடையைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு பாரம் விழுகிறது. எதிர்க்கையில் தடி இருந்தால் அந்தத் தசைகளின் வேலை குறைகிறது, மூட்டுக்கும் பாரம் குறைகிறது. தடியும் வலிக்கிற காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். தடி பிடித்தால் கிழடு என்று நினைப்பார்களே என்று தள்ளிப்போடுகிறவர்கள், நொண்டி நடப்பது அதைவிட அதிகம் கண்ணில் படும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

தேய்மானம் என்று உறுதியாகிவிட்டது. நடந்தால் இன்னும் தேயும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். குளுக்கோசமைன், ஜெல் ஊசி எல்லாம் எடுக்கலாமா?

நடக்காமல் இருப்பதுதான் கெடுதல். தசை மெலிந்தால் மூட்டுக்குத்தான் சுமை. பயிற்சியின்போது வலி பத்துக்கு ஐந்துக்குள் இருந்து, மறுநாளைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் கவலையில்லாமல் தொடரலாம். மறுநாளும் கூடுதலாகவே இருந்தால் அளவைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். நீச்சல், நிலையான சைக்கிள் இரண்டும் மூட்டுக்கு இதமானவை. சைக்கிளில் இருக்கையைச் சற்று உயர்த்தி வையுங்கள், இடுப்பு அதிகம் மடங்காது. எடை கூடுதலாக இருந்தால் குறைக்கிற ஒவ்வொரு கிலோவும் மேலே சொன்ன மடங்குக் கணக்கில் மூட்டுக்கு லாபம்.

குளுக்கோசமைன் என்ற மூட்டுச் சத்து மாத்திரை இடுப்புத் தேய்மானத்துக்குப் பயன் தருவதாக நல்ல ஆதாரம் இல்லை. மூட்டுக்குள் வழவழப்புக்காகப் போடும் ஜெல் ஊசிக்கும் அப்படியே. ஸ்டீராய்டு ஊசியை அல்ட்ராசவுண்ட் அல்லது எக்ஸ்ரே வழிகாட்டுதலோடு மூட்டுக்குள் போட்டால் சில வாரம் முதல் சில மாதம் வரை நிம்மதி கிடைக்கலாம். ஆனால் அறுவைக்கு நாள் குறித்தவர்கள் அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் இதைப் போட்டுக்கொள்ளக் கூடாது, கிருமித்தொற்று அபாயம் கூடும். வலி மாத்திரைகளைப் பொறுத்தவரை, சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதய நோய் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒன்றுகூடப் போடாதீர்கள்.

அம்மாவுக்கு 68 வயது. மூட்டு மாற்று செய்யச் சொல்கிறார்கள். இப்போதே செய்யலாமா, தள்ளிப்போடலாமா? எத்தனை வருடம் உழைக்கும்?

எக்ஸ்ரே எவ்வளவு மோசம் என்பது இரண்டாம் பட்சம். அம்மாவிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இரவில் வலி எழுப்புகிறதா? போக நினைத்த இடத்துக்குப் போகாமல் இருந்துவிடுகிறாரா? பல மாதம் பயிற்சியும் மருந்தும் ஒழுங்காகப் பார்த்தும் பலனில்லையா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் தள்ளிப்போடுவதால் லாபமில்லை. நடையே மறந்து தசை வற்றிய பிறகு செய்தால் தேறுவதும் தாமதமாகும். இன்னும் அவர் இஷ்டப்படி நடமாடுகிறார் என்றால் காத்திருக்கலாம், அவசரமே இல்லை.

எத்தனை வருடம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். இன்றைய அறுவைக்கு அடித்தளம் போட்டவர் இங்கிலாந்தின் எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி. முதலில் அவர் டெஃப்ளான் என்ற வழவழப்பான பிளாஸ்டிக் கிண்ணங்களைப் பொருத்தினார். அவை சில வருடங்களிலேயே தேய்ந்து பாழாயின. 1962-ல் பாலிஎதிலீன் என்ற உறுதியான பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகுதான் இந்த அறுவை நிலைபெற்றது. இன்று பொருளும் நுட்பமும் வெகுவாக முன்னேறியிருக்கின்றன. 2019-ல் மூட்டு மாற்றுப் பதிவேடுகளை வைத்துப் பார்த்த ஆய்வில், பொருத்திய மூட்டுகளில் நூற்றுக்கு 58 வீதம் 25 வருடத்தைத் தாண்டியிருந்தன. 68 வயதுக்காரருக்கு இது நல்ல செய்திதான்.

அன்றே அல்லது மறுநாளே எழுந்து நடக்க வைப்பார்கள். கால் ரத்தநாளங்களில் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தைச் சொன்ன நாள் வரை விடாமல் போட வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பின்பக்கமாக அறுத்துச் செய்தவர்களுக்குத் தாழ்வான இருக்கையில் உட்காருவது, காலைக் குறுக்கே போடுவது, பாதத்தை உள்பக்கம் முறுக்குவது மூன்றும் சில வாரங்களுக்கு ஆகாது என்பார்கள், மூட்டு நழுவிவிடும். அறுவை முறைக்கேற்ப இந்த விதிகள் மாறும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை விட்டு, செய்த மருத்துவர் சொன்னதைக் கேளுங்கள்.

மகனுக்கு 12 வயது, சற்றுப் பருமன். மூன்று வாரமாக முழங்கால் வலிக்கிறது என்று நொண்டுகிறான். பாதம் வெளியே திரும்பியபடி நடக்கிறான். விளையாட்டில் அடிபட்டிருக்கும் என்று விட்டுவிட்டோம்.

இந்தப் பதிலை வாசித்த கையோடு அவனை நடக்க விடாமல் மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். வளரும் வயதில், தொடை எலும்பின் தலை, வளர்ச்சித் தட்டிலிருந்து (எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதி) வழுக்கி இறங்கும் ஒரு கோளாறு உண்டு. பருமனான 10 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம், பல சமயம் முழங்கால் வலியாகவே வரும். இருபக்கமும் இடுப்பு எக்ஸ்ரே, பக்கவாட்டுக் கோணத்திலும் எடுக்க வேண்டும். அதுதான் என்று தெரிந்தால் ஒரு ஸ்க்ரூ போட்டு, மேலும் வழுக்காமல் நிறுத்துவார்கள். வழுக்கல் கூடக் கூடப் பந்தின் ரத்த ஓட்டத்துக்கு ஆபத்து.

இதையொட்டி மற்றப் பெற்றோருக்கும் ஒன்று: சின்னக் குழந்தை காய்ச்சலோடு காலை ஊன்ற மறுத்தால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். சளிக் காய்ச்சலுக்குப் பின் வந்து தானே போகும் சாதாரண மூட்டு அழற்சியாக இருக்கலாம். ஆனால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் குருத்தெலும்பு கரைகிறது.

அப்பாவுக்கு 79. நான்கு நாள் முன்பு குளியலறையில் விழுந்தார். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. நடக்கிறார், ஆனால் தொடையிடுக்கில் கடும் வலி. எலும்பு மெலிவுக்கு ஏழெட்டு வருடமாக மாத்திரை எடுக்கிறார். ஓய்வு எடுத்தால் போதுமா?

போதாது. கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடப்பதைத்தான் இடுப்பு முறிவு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எலும்பு ஒன்றோடொன்று செருகிக்கொண்ட முறிவில் சிலர் நடந்தே வருவார்கள், முதல் எக்ஸ்ரேயும் ஏமாற்றும். எம்.ஆர்.ஐ., அது முடியாவிட்டால் சி.டி. எடுங்கள். இப்போது பிடித்தால் சில ஸ்க்ரூக்களோடு முடியலாம். விலகிவிட்டால் பெரும்பாலும் பந்தையே மாற்ற வேண்டி வரும். படம் வரும் வரை அந்தக் காலில் எடை போட வேண்டாம்.

மாத்திரை விஷயத்துக்கும் வருகிறேன். எலும்பு மெலிவுக்குத் தரும் பிஸ்பாஸ்பொனேட் வகை மாத்திரைகளைப் பல வருடம் எடுப்பவர்களில் மிகச் சிலருக்குத் தொடை எலும்பின் நடுப்பகுதியில் மெல்லிய கீறல் விழுவதுண்டு. விழுவதற்கு முன்பே தொடையில் வலி இருந்ததா என்று அப்பாவிடம் கேளுங்கள். இருந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லி, இரண்டு தொடை எலும்புகளையும் முழுநீளமாக எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். மாத்திரையைத் தொடர்வதா, இடைவெளி விடுவதா என்பதை அதைப் பார்த்து அவர் முடிவு செய்வார்.