குளம் பார்க்க ஆவணி, கயாக் இறக்க மாசி

வணக்கம் அண்ணா,

எனக்குச் சொந்த ஊர் திருகோணமலை. இப்போது ஒன்ராறியோவில் இருக்கிறேன். சனி ஞாயிறு வந்தால் கயாக்கை (துடுப்புப் போடும் சின்னப் படகு) வண்டிக்கு மேல் கட்டிக்கொண்டு சின்னச் சின்ன ஏரிகளாகத் தேடிப் போய் பாஸ் என்ற மீன் பிடிப்பேன். வரும் ஓகஸ்ட்டில் ஊருக்கு வருகிறேன். காற்று நிரப்பி ஊதுகிற கயாக் ஒன்றையும் கொண்டுவர யோசனை. நம் பக்கத்துச் சிறு குளங்களில் பாஸ் மாதிரிப் பாய்ந்து அடிக்கிற மீன் இருக்கிறதா? வரைபடத்தைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் குளம். எதில் இறங்குவது என்று எப்படித் தெரிவு செய்வது?

வாசகர், ரொறன்ரோ

அன்புள்ள தம்பி,

கயாக்கை இந்த முறை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். நமக்குப் பெருமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரைக்கும்தான். ஓகஸ்ட்டில் கச்சான் காற்று வீசிக் காய்ந்து, சிறுபோக வயலுக்கும் தண்ணீர் போய், சிறு குளங்கள் பல வற்றிக் குளக்கட்டோரப் பள்ளத்துக்குள் ஒதுங்கிவிடும். மிச்சத் தண்ணீரில் மீனும் முதலையும் ஒன்றாக நெருங்கிக் கிடக்கும். அதற்குள் காற்றடித்த ஒன்றில் நீங்கள் மிதப்பதை நான் விரும்பமாட்டேன்.

ஆனால் குளம் தெரிவு செய்ய இதைவிட நல்ல காலம் கிடையாது. அங்கே தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க சோனார் பூட்டுவீர்கள். இங்கே ஆவணியில் அலைகரையில், அதாவது கட்டுக்கு எதிர்ப்பக்கம் தண்ணீர் ஏறி இறங்கும் கரையில், இறங்கி நடந்தாலே எல்லாம் தெரியும். பழைய ஓடை எந்தப் பக்கத்தால் வந்து துருசை (தண்ணீர் திறந்துவிடும் மதகு) நோக்கி வளைகிறது, கட்டுப் போட மண் எடுத்த கிடங்குகள் எங்கே, பட்ட மரங்கள் எங்கே நிற்கின்றன, தாமரைக் கிழங்கு எதுவரை படர்ந்திருக்கிறது என்று பாருங்கள். கரையில் நிற்கும் மருத மரத்தின் அடியில் தண்ணீர் நின்ற கறை ஒரு கோடாக இருக்கும். அந்த உயரத்தை மனதில் பிடித்துக்கொண்டு குளத்துக்குள் இறங்கி நடந்தால், நிறைகுளத்தில் எந்த இடம் இடுப்பளவு, எந்த இடம் இரண்டாள் ஆழம் என்று கணித்துவிடலாம். கைபேசியில் இடக்குறியோடு படம் எடுத்து வையுங்கள். மாசியில் குளம் நிறைந்து கிடக்கும்போது அந்தப் படங்கள்தான் உங்களுக்கு வழி.

சேற்று விளிம்பையும் விடாதீர்கள். நகம் பதிந்த காலடிகள் இரண்டு வரிசையாகப் போய், நடுவே வால் இழுபட்ட கோடு கிடந்தால், அந்தக் குளத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். தடம் இல்லை என்பதற்காக முதலை இல்லை என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே மாடு கழுவுகிறவர்களிடம் கேளுங்கள்.

இனி மீன். பாஸ் நம் குளத்து மீன் இல்லை. நீங்கள் தேடும் அந்த அடி விராலிடம் இருக்கிறது. பாஸைப் போலவே மறைவில் கிடந்து, கிட்ட வந்த தவளையையும் மீனையும் பாய்ந்து பிடிக்கும். உங்கள் ரப்பர் தவளைப் பொய்யிரை அப்படியே உதவும். ஆனால் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். ஒன்ராறியோவில் கோடை வெயில் ஏறினால் பாசி படர்ந்த ஆழமில்லாத மூலையை விட்டு, பாசி முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்புக்குப் போவீர்கள். விரால் மேலே வந்து காற்றை விழுங்கும் மீன். தண்ணீரில் பிராணவாயு குறைந்தாலும் அதற்குக் கவலையில்லை. முழங்காலளவு தண்ணீர், அல்லியிலை மூடிய மூலை, சூடான சேறு, இப்படி பாஸ் நிற்காது என்று நீங்கள் தாண்டிப் போகிற இடத்தில்தான் அது கிடக்கும். ஆகவே கட்டோர ஆழத்தை விட, மேற்பக்க அலைகரையில் ஓடை வந்து இறங்கும் மூலை உள்ள குளத்துக்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

ஓரிடத்தில் செம்மஞ்சள் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து தண்ணீர் கொதிப்பது போலத் துடித்தால், தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கின்றன என்று அர்த்தம். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் வெறி கொண்டு அடிக்கும். தயவுசெய்து போடாதீர்கள். கூடு காக்கும் பாஸுக்காக ஒன்ராறியோவில் மீன்பிடிப் பருவத்தையே மூடி வைக்கிறார்கள். தாய், தகப்பன் விரால் இரண்டையும் தூக்கிவிட்டால் அந்தக் குஞ்சுக் கூட்டத்தை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். எனக்கு இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

எங்கே தேடுவது? அனுராதபுரம் வீதியில் பன்குளம், முதலிக்குளம் பக்கமும், கண்டி வீதியில் தம்பலகாமத்திலிருந்து கந்தளாய் வரையும் இரு புறமும் சிறு குளங்கள் உண்டு. செய்மதிப் படத்தில் பழைய ஆண்டுகளுக்குப் போய், வறண்ட மாதப் படத்தையும் மழைக்குப் பிந்திய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடியோடு காய்ந்துபோகிற குளத்தைத் தள்ளிவிடலாம். விரால் சேற்றுக்குள் தாக்குப்பிடிக்கும்தான், ஆனாலும் ஒரு பள்ளமாவது வற்றாமல் இருக்கும் குளத்தில்தான் பெரிய மீன் மிஞ்சும். காட்டு எல்லைக்குள், சரணாலயத்துக்குள் இருப்பவற்றைத் தொடவே வேண்டாம். யானை இறங்கும் பக்கமென்றால் பின்னேரம் நான்கு மணிக்கு முன் கரையேறிவிடுங்கள்.

அப்புறம், அனுமதி. 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. ஊரில் கமக்காரர் அமைப்பு இருக்கும், சில இடங்களில் நன்னீர் மீன்பிடிச் சங்கமும் இருக்கும். சங்கம் உள்ள குளத்தில் குஞ்சு வாங்கி விட்டிருப்பார்கள், அந்த மீன் அவர்களின் வருமானம். முதலில் அவர்களைப் போய்ப் பாருங்கள், வலை போடும் இடத்தைக் கேட்டு அதை விட்டு விலகிக் கயாக்கை ஓட்டுங்கள். கயாக்கைக் குளக்கட்டில் இழுத்து ஏற்றி இறக்காதீர்கள். மண்கட்டில் இழுத்த தடத்தில் மழைத்தண்ணீர் ஓடி அரித்துவிடும். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் கட்டு உடைந்து உயிர்கள் போன மாவட்டம் இது. கட்டில் ஒரு கீறல் கண்டாலும் மக்கள் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். அலைகரைப் பக்கமாகத் தூக்கிப் போய் இறக்குங்கள்.

மாசியில் வர முடிந்தால் காற்று நிரப்புகிற கயாக்கை விட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் கயாக்காகப் பாருங்கள். தண்ணீருக்கடியில் பட்ட மரக் குற்றிகள் ஈட்டியாக நிற்கும். ஓகஸ்ட்டில் நடந்து பார்க்கும்போது அதுவும் உங்களுக்கே தெரிந்துவிடும். எந்தக் குளங்களைப் பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்