சியானில் ஒரே நாள்: தாய்சோங்கின் குதிரைகளை எங்கே பார்ப்பது?

வணக்கம். சீனாவின் சியான் நகரில் ஒரு நாள்தான் இருக்கிறது, தாங் வம்சப் பேரரசர் தாய்சோங்கின் ஆறு குதிரைச் சிற்பங்களைக் காண அவருடைய சாவ்லிங் கல்லறைக்குச் செல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவற்றுக்காக மட்டுமென்றால் அங்கே போக வேண்டாம். மூலச் சிற்பங்களில் நான்கு சியான் நகருக்குள்ளேயே பெய்லின் அருங்காட்சியகத்தில் உள்ளன. குதிரையின் மார்பில் தைத்த அம்பை வீரர் ஒருவர் பிடுங்கும், என் பார்வையில் ஆறிலும் சிறந்த கல் உட்பட மற்ற இரண்டும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நாட்டைவிட்டுப் போய், இன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெய்லினில் அவசரப்படாமல் நின்று, மூன்று குஞ்சங்களாக முடிந்த பிடரி மயிரையும், கடத்துவதற்காகக் கற்பலகைகளை உடைத்த விரிசல்களையும் கவனியுங்கள், மனம் பதறும்.

தாங் காலச் சிற்பங்கள் சிலவற்றை அவை நிறுவப்பட்ட இடத்திலேயே காண விரும்பினால், பிற்பகலில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வடமேற்கேயுள்ள சியென்லிங்குக்குச் செல்லுங்கள். தாய்சோங்கின் மகன் காவ்சோங்கும் பேரரசி வூ சேதியனும் அடக்கமான மலை அது. சிறகுள்ள குதிரைகள், தீக்கோழிகள், பெரும்பாலும் தலையிழந்து நிற்கும் 61 அயல்நாட்டார் சிலைகள் எல்லாம் வெட்டவெளிப் பாதையில் இருப்பதால் தொப்பியும் தண்ணீரும் அவசியம். நிலத்தடி அறை இதுவரை திறக்கப்படவில்லை. உள்ளே சென்று பார்க்க அருகிலுள்ள இளவரசி யோங்தாய் கல்லறை இருக்கிறது.