கேரியர் கோச்களின் மாநாடு: போகலாமா, போனால் என்ன செய்வது? (கேள்வி பதில்)

கேரியர் கோச்களுக்கான, அதாவது வேலை தேடுவதிலும் தொழில் மாறுவதிலும் வழிகாட்டுகிறவர்களுக்கான மாநாடுகள் பற்றி உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை. பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்ததால் சிலவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: மேடம், கோச்சிங் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. மாநாட்டுக்குப் போனால் கிளையண்ட் கிடைப்பார்களா? பதிவுக் கட்டணத்தையாவது திரும்ப எடுக்க முடியுமா?

முடியாது என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். அங்கே வருகிறவர்கள் அத்தனை பேரும் நம் தொழில்காரர்கள்தான். எல்லோரும் கடை விரித்திருக்க, வாங்க ஆளில்லாத சந்தை அது.

ஆனால் சுற்றிவளைத்துக் கிளையண்ட் வருவதுண்டு. ஒவ்வொரு கோச்சுக்கும் தான் எடுக்காத கேஸ் என்று ஒரு வகை இருக்கும். உயர் பதவியில் இருப்பவர்களை மட்டும் பார்க்கிறவர், புதிதாகப் படிப்பு முடித்த பையன் வந்தால் யாரிடம் அனுப்புவது என்று யோசிப்பார். அதனால் "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்ற வழக்கமான கேள்வியை விட்டுவிட்டு, "எப்படிப்பட்டவர் வந்தால் வேறு ஆளிடம் அனுப்பிவிடுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு உடனே சூடுபிடிக்கும். அந்த இடத்துக்கு நீங்கள் பொருந்தினால் சொல்லுங்கள். இல்லையென்றால் பொருந்துகிற ஒருவரை அறிமுகம் செய்துவையுங்கள், அதையும் மறக்கமாட்டார்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "எல்லோருக்கும் கோச்சிங் தருவேன்" என்று சொன்னால் யாருக்கும் உங்கள் முகம்கூட நினைவிருக்காது. "நாற்பது வயதுக்கு மேல் துறை மாறுகிறவர்களைப் பார்க்கிறேன்" என்றால் நினைவிருக்கும்.

கேள்வி: அக்கா, எந்த மாநாட்டுக்குப் போவது? தேடினால் ஏகப்பட்டது வருகிறது.

பெயரில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் மூன்று தனித்தனி உலகங்கள் இவை. முதலாவது, கோச்சிங் என்ற திறனையே மையமாக வைத்தவை. 1995ல் தொடங்கிய ஐசிஎஃப் (பன்னாட்டுக் கோச்சிங் கூட்டமைப்பு), அதன் கிளைகள் நடத்துபவை இந்த வகை. கேள்வி கேட்கும் விதம், கவனித்துக் கேட்பது, கிளையண்டோடு செய்துகொள்ளும் உடன்பாடு என்றெல்லாம் பேசுவார்கள். வேலை, ரெஸ்யூமே பற்றிய பேச்சு குறைவாகவே வரும்.

இரண்டாவது, தொழில் வழிகாட்டல் சங்கங்களின் மாநாடுகள். 1913ல் அமெரிக்காவில் வேறொரு பெயரில் உருவாகி இன்று என்சிடிஏ (தேசியத் தொழில் மேம்பாட்டுச் சங்கம்) எனப்படும் சங்கம் ஆண்டுதோறும் நடத்துகிறது. கனடாவில் ஒட்டாவாவில் நடக்கும் கேனெக்ஸஸ் மாநாடு உண்டு. 1951ல் தொடங்கிய ஐஏஈவிஜி, கல்வி, தொழில் வழிகாட்டலுக்கான பன்னாட்டு அமைப்பு. கல்லூரி ஆலோசகர்கள், ஆய்வாளர்கள், அரசு வேலைவாய்ப்புத் துறையினர் எல்லோரும் இங்கே கலந்து வருவார்கள். மூன்றாவது, ரெஸ்யூமே எழுதுகிறவர்களும் வேலை தேடலுக்கு உதவுகிற கோச்களும் கூடுவது. பேட்டித் தயாரிப்பு, லிங்க்ட்இன் புரொஃபைல், கட்டணம் எவ்வளவு வாங்கலாம் என்பது வரை வெளிப்படையாகப் பேசுவார்கள்.

என் யோசனை: உங்களுக்குப் பழக்கமில்லாத பக்கத்துக்குப் போங்கள். மனிதவளத் துறையிலிருந்து வந்தவருக்கு இரண்டாவது வகை கண் திறக்கும். கவுன்சலிங் படித்தவருக்கு மூன்றாவது வகையில் கொஞ்சம் முகம் சுளிக்கத் தோன்றும், ஆனால் அவருக்குத் தேவையானது அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: ஐசிஎஃப் தரும் கோச் சான்றிதழைப் புதுப்பிக்க மாநாட்டு நேரம் முழுவதும் கணக்கில் வருமா?

முழுவதும் வராது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க 40 மணி நேரத் தொடர்கல்வி காட்ட வேண்டும். அதில் குறைந்தது 24 மணி அடிப்படைக் கோச்சிங் திறன்களில் இருக்க வேண்டும், அறநெறிக்கு 3 மணி. மாநாட்டில் கேட்கிற லிங்க்ட்இன் உத்தி, மார்க்கெட்டிங் மாதிரியான அமர்வுகள் மீதமுள்ள 16 மணிக்குள்தான் அடங்கும். சாப்பாட்டு நேரமும் மாலைச் சந்திப்பும் எதிலும் சேராது. விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் உங்கள் புதுப்பிப்புத் தேதிக்குரியதைப் பார்த்துவிடுங்கள். அப்புறம், வருகைச் சான்றை அன்றே வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பதில் வருவது கஷ்டம்.

கேள்வி: எனக்குக் கூச்ச சுபாவம். நூறு பேர் உள்ள ஹாலில் யாரிடம் போய்ப் பேசுவது?

இதை நம் கிளையண்ட் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973ல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லியிருப்போம். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அவர் கேட்டபோது, அடிக்கடி சந்திக்கிறவர் மூலம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கிறவர் மூலம் கிடைத்திருக்கிறது. நெருக்கமாகப் பழகியே ஆக வேண்டும் என்ற பாரம் உங்களுக்கு வேண்டாம், லேசான அறிமுகமே வேலை செய்யும்.

பதிவு மேசையில் தன்னார்வலராக உட்காருங்கள். கையில் ஒரு வேலை இருந்தால் கூச்சம் பாதி போய்விடும். வருகிறவர்களே உங்களிடம் பேசுவார்கள். பெரிய ஹாலைவிடச் சிறு அமர்வுகளைத் தேர்ந்தெடுங்கள், அங்கே ஒரு கேள்வி கேட்டால் இடைவேளையில் யாராவது தேடி வருவார்கள். இரவு விருந்து பிடிக்கவில்லையா, அறைக்குப் போய்த் தூங்குங்கள். மூன்று பேரோடு உருப்படியாகப் பேசிவிட்டால் போதும். அந்த மூன்று பேருக்கும் அதே வாரத்தில் எழுதுங்கள், பேசியதில் ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள். "சந்தித்ததில் மகிழ்ச்சி" என்று மட்டும் எழுதினால் அதற்கு யாரும் பதில் போடமாட்டார்கள்.

கேள்வி: ஒரே நேரத்தில் ஆறு அமர்வுகள் நடக்கின்றன. எப்படித் தேர்ந்தெடுப்பது சார் / மேடம்?

மேடம்தான். போகும் முன் உங்களிடம் நகராமல் நிற்கிற ஒரு கேஸை மனதில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த அமர்வு அதற்கு உதவுமோ அதில் உட்காருங்கள். பிரபலமான பேச்சாளரைப் பிறகு வீடியோவிலும் பார்க்கலாம். அமர்வுச் சுருக்கத்தில் பேச்சாளர் தானே பெயர் வைத்துப் பதிவு செய்துகொண்ட "முறை" ஒன்று இருந்தால், கடைசிப் பத்து நிமிடம் அவருடைய பயிற்சி வகுப்பு விளம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து வெளியே வருவதில் தப்பே இல்லை.

கேள்வி: கண்காட்சி அரங்கில் ஆளுமைத் தேர்வு விற்கிறவர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். வாங்கலாமா?

அந்த இடத்திலேயே வாங்காதீர்கள், தள்ளுபடி அன்றோடு முடிகிறது என்றாலும். இரண்டு கேள்விகள் போதும்: அதே ஆள் ஒரு மாதம் கழித்து எழுதினால் அதே முடிவு வருமா? எந்த மக்களிடம் சோதித்து அளவுகளை வைத்தீர்கள்? இதற்குத் தொழில்நுட்பக் கையேட்டை நீட்டுகிறவரிடம் மேற்கொண்டு பேசலாம், பளபளப்பான பிரசுரத்தை நீட்டுகிறவருக்கு நன்றி சொல்லிவிடலாம். உளவியலாளர் ஜான் ஹாலண்ட் பிரித்த ஆறு ஆர்வ வகைகளை வைத்த தேர்வு ஒன்று அமெரிக்கத் தொழிலாளர் துறையின் வேலைத் தகவல் தளமான ஓநெட்டில் இலவசமாகவே கிடைக்கிறது. அதைவிட இது என்ன கூடுதலாகத் தருகிறது என்றும் கேட்டுப் பாருங்கள், சிலர் திணறுவார்கள்.

கேள்வி: சாப்பாட்டு மேசையில் எல்லோரும் கிளையண்ட் கதைகளைச் சொல்கிறார்கள். நாமும் சொல்லலாமா?

பெயரை மறைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. துறை, பதவி, ஏன் வேலை போனது என்ற மூன்றும் சேர்ந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும், அந்த மேசையிலேயே அவருடைய பழைய மேலாளர் கோச்சாக மாறி உட்கார்ந்திருக்கலாம். நீங்கள் எங்கே தடுமாறினீர்கள் என்பதைச் சொல்லுங்கள், கிளையண்டின் வாழ்க்கையை விட்டுவிடுங்கள். ஒருவர் தன் கிளையண்டைக் கேலி செய்து பேசினால் அவரிடம் ஆளை அனுப்பக்கூடாது என்பதும் தெரிந்துவிடுகிறது.

கேள்வி: ஆன்லைனில் கலந்துகொண்டால் போதாதா?

சான்றிதழுக்கான மணி நேரக் கணக்குக்கும் பேச்சுகளுக்கும் போதும். மேலே சொன்ன மற்ற எதுவும் கிடைக்காது.

கேள்வி: நானும் ஓர் அமர்வு நடத்த விண்ணப்பிக்கலாமா? அப்படியானால் கட்டணம் இல்லையே?

தாராளமாக விண்ணப்பியுங்கள், ஆனால் பல சங்க மாநாடுகளில் பேச்சாளரும் பதிவுக் கட்டணம் கட்டியாக வேண்டும். விண்ணப்பம் கேட்கும் அறிவிப்பு மாநாட்டுக்குப் பல மாதங்கள் முன்பே வந்துவிடும். "வேலை தேடலில் தன்னம்பிக்கை" என்று விரிந்த தலைப்பு கொடுத்தால் தேர்வுக்குழு நூறோடு நூற்றொன்றாகத் தள்ளிவிடும். "இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு பேட்டிக்குப் போகிறவருக்கு முதல் மூன்று அமர்வுகள்" என்று குறுக்குங்கள். கேட்கிறவர் திரும்பிப் போய் என்ன செய்ய முடியும் என்று எழுதச் சொல்வார்கள். "புரிந்துகொள்வார்" என்று எழுதாமல் "இந்தப் படிவத்தை நிரப்பப் பழகுவார்" என்கிற மாதிரி எழுதுங்கள்.

கேள்வி: பல வருடங்களாக இதே தொழில். கிளையண்ட் வரிசையில் நிற்கிறார்கள். இன்னும் நான் ஏன் போக வேண்டும்?

போக வேண்டியதில்லை. நான்கைந்து சக கோச்களோடு மாதம் ஒருமுறை கேஸ் பேசினால் உங்களுக்கு அதுவே அதிகப் பயன். மாநாட்டுக்குப் போகத்தான் வேண்டும் என்று ஆசையிருந்தால் புதியவர்களுக்கு வழிகாட்டும் குழுவில் பெயர் கொடுங்கள். அதற்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான்.