'ரன்' என்ற சொல்லுக்கு ஏன் இத்தனை அர்த்தம்?

'ரன் என்றால் ஓடு என்றுதானே படித்தோம், பிறகு மூக்கு எப்படி ரன் ஆகும்?' என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் 'ஓடு' மட்டும் என்ன, சும்மாவா இருக்கிறது? கடிகாரம் ஓடுகிறது, படம் ஓடுகிறது, மனசுக்குள் ஏதோ ஓடுகிறது. இதற்கெல்லாம் கால் தேவையில்லை, தடையில்லாமல் நகர்ந்தால் போதும். ரன்னும் அப்படித்தான். ஆறு ஓடினாலும் ரன், மூக்கு ஒழுகினாலும் ரன், துவைக்கும்போது சாயம் போனாலும் ரன்.

குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழில் தானாக நடந்தால் 'ஓடு', நாம் நடக்க வைத்தால் 'ஓட்டு'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ரன். 'ஷி ரன்ஸ் எ கம்பெனி' என்றால் அவர் நிறுவனத்தை நடத்துகிறார். நாமும்தான் குடும்பத்தை 'ஓட்டுகிறோம்'!

அப்புறம், பக்கத்தில் வரும் குட்டிச் சொற்கள். 'ரன் இன்டு' என்றால் தற்செயலாக ஒருவரைச் சந்திப்பது (வண்டி என்றால் மோதுவது). 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்' என்பதைப் பார்த்து பால் வெளியே ஓடிவிட்டதாக நான் ஒரு காலத்தில் நினைத்திருக்கிறேன். பால் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். 'ரன் ஃபார்' தேர்தலில் போட்டியிடுவது. இவற்றை முழுத் தொடராகவே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிரித்தால் பொருள் கிடைக்காது.

இத்தனை அர்த்தம் சுமப்பதில் ரன்னுக்குப் போட்டியும் உண்டு. 1989-இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்குத்தான்.