சர்க்கரை உள்ளவர் வெந்நீர் ஊற்றில் இறங்கலாமா?

கேள்வி: என் மாமியாருக்கு 64 வயது. 14 வருடமாகச் சர்க்கரை. பிரஷருக்கும் மாத்திரை போடுகிறார். முழங்கால் தேய்மானம் வேறு. மே மாதம் சேலத்திலிருந்து குழுவாக பத்ரிநாத் போகிறோம். அங்குள்ள தப்த குண்டம் என்ற வெந்நீர் ஊற்றுக் குளத்தின் கந்தக நீரில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் மூட்டுவலி போய்விடும் என்கிறார்கள். உட்கார வைக்கலாமா? கொஞ்ச நாளாக நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தால்கூட அவருக்குத் தெரிவதில்லை. ஏற்காடு பக்கமே இப்படி ஊற்று இருந்தாலும் சொல்லுங்கள்.
- வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: வேண்டாம் அம்மா, அவரை அந்தக் குளத்தில் இறக்காதீர்கள். காரணம், நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் செருப்பு விஷயம்தான். செருப்பு கழன்றதை உணராத பாதம், சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்ட பாதம். சூடும் அதற்கு உறைக்காது.

தப்த குண்டத்து நீர் ஏறக்குறைய 45 டிகிரி செல்சியஸ். உணர்ச்சியுள்ள கால் சுரீரென்று சுட்டதும் தானாக வெளியே வந்துவிடும். உங்கள் மாமியாரோ இதமாக இருக்கிறது என்று உட்கார்ந்திருப்பார். தோல் வெந்துபோவதற்குச் சூட்டோடு நேரமும் சேர்ந்தால் போதும். 60 டிகிரியில் சில விநாடிகளில் நடப்பது, 49 டிகிரியில் சில நிமிடங்களில் நடக்கும். வயதான தோல் மெலிந்தது. சர்க்கரைக்காரருக்கு ரத்த ஓட்டமும் குறைவு. அதனால் 45 டிகிரியில் அரை மணி நேரம் என்பது அவர் காலுக்கு ஆபத்தான கணக்கு. கொப்புளத்தை மறுநாள் சாக்ஸில் ஈரம் பார்த்துத்தான் கண்டுபிடிப்பீர்கள். யமுனோத்ரிக்கும் போவதாக இருந்தால், அங்குள்ள சூரிய குண்டம் துணியில் கட்டி இறக்கிய அரிசி வேகிற சூடு. பக்கத்திலேயே நிற்க விடாதீர்கள்.

தீர்த்தமாட வழி இருக்கிறது. சின்ன பிளாஸ்டிக் வாளியும் குவளையும் எடுத்துப்போங்கள். ஊற்று நீரோடு பச்சைத் தண்ணீர் கலந்து 38 டிகிரிக்குக் கொண்டுவந்து, அவரை உட்கார வைத்து ஊற்றுங்கள். அளக்க, சமையலுக்கு விற்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் 42 டிகிரியைத் தாண்டிக் காட்டாது. அதுவும் இல்லையென்றால் உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். அவர் கையாலோ காலாலோ பார்க்கச் சொல்லக் கூடாது. பத்து நிமிடம் போதும். தலையில் கையால் தெளித்துக்கொள்ளட்டும். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகும். மிக அரிது என்றாலும் வந்தால் பிழைப்பது கடினம். குழுவில் யாருமே அந்த நீரில் தலையை முக்க வேண்டாம்.

குளிக்கும் நேரமும் முக்கியம். அவர் இன்சுலின் ஊசி போடுபவர் என்றால், சூடு பட்டதும் அது வேகமாக ரத்தத்தில் கலந்து சர்க்கரை சட்டென்று இறங்கும். ஊசி போட்ட கையோடு குளிக்க வைக்காதீர்கள். ஏதாவது சாப்பிட்டிருக்கட்டும், கையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து பிரஷர் இறங்கும். பத்ரிநாத் சுமார் 3,100 மீட்டர் உயரம், வெளிக்காற்றோ குளிர். சடக்கென்று எழுந்தால் தலை சுற்றும். பிடித்துக்கொண்டு மெதுவாக எழுப்பி, உடனே துவட்டி, சால்வை போர்த்துங்கள். விரல் இடுக்குகளில் ஈரம் நிற்கக் கூடாது. இரவில் அறையில் ஹீட்டர் பக்கம் காலை நீட்டுவதும், வெந்நீர்ப் பையைப் பாதத்தில் வைப்பதும் இதே ஆபத்துதான்.

கந்தகத்தைப் பற்றி: அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவினுடையது. வெள்ளி மெட்டியைக் கறுக்க வைக்கும். தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது. வலி குறைவது பெரும்பாலும் சூட்டால்தான், அதுவும் சில மணி நேரத்துக்கு. அந்தச் சூடு வீட்டிலேயே கிடைக்கும்: 40 டிகிரி நீரில் பிழிந்த துண்டை முழங்காலில் மட்டும் 15 நிமிடம் போடுங்கள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி ஐந்து விநாடி நிறுத்தி இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை, தினம் இருவேளை. தொடைத் தசை வலுத்தால் மூட்டின் பாரம் குறையும். இன்றே தொடங்கினால் மே மாதப் படிக்கட்டுகளுக்கு உதவும்.

ஏற்காட்டில் வெந்நீர் ஊற்று கிடையாது. சேர்வராயன் மலை மிகப் பழைய, அடங்கிய பாறை. மழைநீர் பூமிக்குள் வெகு ஆழம் இறங்கிச் சூடேறி, ஆறுவதற்குள் பிளவு வழியாக மேலே வந்தால்தான் வெந்நீர் ஊற்று. இமயமலையில் அப்படிப்பட்ட பிளவுகள் நிறைய.

புறப்படும் முன் அவர் பாதங்களை டாக்டரிடம் காட்டுங்கள். நைலான் இழையால் அழுத்தியும், தட்டினால் அதிரும் இசைக்கவையை (ட்யூனிங் ஃபோர்க்) கால் விரலில் வைத்தும் உணர்ச்சியைச் சோதிப்பார்; ஐந்து நிமிட வேலை. பித்தவெடிப்போ புண்ணோ இருந்தால் ஆறும்வரை ஊற்று நீரே காலில் படக் கூடாது. பயணத்தில் தினமும் இரவு உள்ளங்காலை நீங்களே பாருங்கள். கொப்புளம் கண்டால் உடைக்காதீர்கள். மஞ்சள், பேஸ்ட் எதுவும் பூசாமல் சுத்தமான துணியால் மூடி, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். சூடு பட்டது அப்போதே தெரிந்துவிட்டால் 20 நிமிடம் சாதாரணக் குழாய்த் தண்ணீரை ஊற்றுங்கள். பக்கத்தில் ஓடும் அலக்நந்தாவில் காலை விடாதீர்கள். அந்தப் பனிநீர் வெந்த தோலை மேலும் கெடுக்கும்.