அமெரிக்கக் கனவு என்றால் என்ன, அது ஏன் மங்குகிறது?

எந்த வீட்டில் பிறந்தாலும், உழைத்தால் பெற்றோரைவிட நன்றாக வாழலாம் என்ற நம்பிக்கைதான் அமெரிக்கக் கனவு. 1940-ல் அங்கே பிறந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980-களில் பிறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான். இது பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி குழுவினரின் கணக்கு.

காரணம் சோம்பல் இல்லை. நாடு வளர்ந்தது, ஆனால் வளர்ச்சியின் பெரும்பங்கு மேல்தட்டுக்கே போனது. முன்பு நகரும் படிக்கட்டில் ஏறினார்கள். இப்போது படிக்கட்டு ஓடவில்லை, முதுகில் கல்லூரிக் கடன் மூட்டை வேறு. அதே உழைப்புக்கு முன்பு கிடைத்த உயரம் இப்போது பலருக்குக் கிடைப்பதில்லை என்பது நியாயமே இல்லை.

அப்புறம், இதைப் பணக்காரராகும் கனவு என்றே பலர் நினைக்கிறார்கள். 1931-ல் இந்தச் சொல்லைப் பரவச் செய்த அமெரிக்க வரலாற்று எழுத்தாளர் ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ், இது வெறும் காருக்கும் அதிகச் சம்பளத்துக்குமான கனவு அல்ல என்று அப்போதே எழுதினார்.